சஸ்பெண்ட் ஆனபின் கல்லூரிக்குத் திரும்புவது எப்படி: டெல்டா மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் முழுமையான வழிகாட்டி

டி.சி.யை வாங்காதீர்கள். மற்ற எதையும் படிப்பதற்கு முன் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் ஒரு பிரச்சினை என்றதும் அலுவலகத்தில் யாராவது ஒருவர், பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான், "எதுக்கு வம்பு, டி.சி. வாங்கிட்டு வேற காலேஜ்ல சேர்த்துடுங்க" என்று அப்பாவிடம் சொல்வார். வயல் வேலையை விட்டுவிட்டு, ஒரு நாள் கூலியையும் இழந்து வந்து நிற்கிற அப்பாவுக்கு அது நியாயமாகவே படும். ஆனால் டி.சி. கேட்டு விண்ணப்பம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், பதிவேட்டில் நீங்கள் தண்டிக்கப்பட்டவர் அல்ல, தானாக விலகிப் போனவர். எதிர்த்து முறையிட ஆணை என்று ஒன்று இருக்காது. நடுப்பருவத்தில் இன்னொரு கல்லூரியில் இடம் கிடைப்பதும் எளிதல்ல. இரண்டு கல்லூரி முதல்வர்களும் பல்கலைக்கழகமும் சம்மதிக்க வேண்டும், பாடத்திட்டம் ஒத்துப்போக வேண்டும். பலருக்கு ஒரு வருடம் அப்படியே போய்விடுகிறது.

கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் அரசுக் கல்லூரி, உதவி பெறும் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி, பொறியியல் கல்லூரி எதில் படித்தாலும் அடிப்படை வழி ஒன்றுதான். விதிகளின் எண்களும் படிவங்களும் மட்டும் மாறும்.

உங்கள் கையில் இருப்பது எந்த ஆணை?

"சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க" என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறோம். கல்லூரி நிர்வாகத்தில் அவை தனித்தனி விஷயங்கள். யாரிடம் முறையிடுவது, எத்தனை நாளுக்குள், என்ன ஆதாரத்தோடு என்பது எல்லாம் இதைப் பொறுத்தே அமையும்.

விசாரணை முடியும்வரை வகுப்புக்கு வராதே என்பது ஒன்று. இது தண்டனை அல்ல, தற்காலிக ஏற்பாடு. ஆகவே இதில் நீங்கள் கேட்க வேண்டியது "விசாரணையைச் சீக்கிரம் முடியுங்கள், அதுவரை வகுப்பில் இருக்கவிடுங்கள்" என்பதுதான். விசாரணை முடிந்து, குற்றம் நிரூபணமானது என்று சொல்லி, இத்தனை நாள் அல்லது இந்தப் பருவம் முழுக்க நீக்கம் என்று வருவது இரண்டாவது. இதுதான் தண்டனை ஆணை. மேல்முறையீடு என்ற சொல் சரியாகப் பொருந்துவது இதற்குத்தான்.

மூன்றாவது, வருகைக் குறைவால் தேர்வு எழுத விடாமல் நிறுத்துவது. மாணவர்கள் பேச்சில் ஷார்ட்டேஜ், டிடெயின், டீபார். இதில் ஒழுங்கு விசாரணையே கிடையாது. கணக்கும் காரணமும்தான் பேசும். நான்காவது, தேர்வு அறையில் பிட், செல்போன் என்று பிடிபட்டு முறைகேட்டு அறிக்கை போவது. இதை முடிவு செய்வது முதல்வர் அல்ல. பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவு, தன்னாட்சிக் கல்லூரியானால் அதன் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் முறைகேடு விசாரணைக் குழுவும். முதல்வர் அறை வாசலில் நாள்கணக்கில் நின்று பயனில்லை.

கட்டணம் கட்டாததால் பெயரை நீக்கியிருந்தால் அது ஐந்தாவது வகை. அதற்குத் தவணை கேட்டு ஒரு கடிதமும், உதவித்தொகை நிலுவையில் இருப்பதற்கான அத்தாட்சியும் பெரும்பாலும் போதும். அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் சொல்லப் போவதில்லை.

உங்கள் கல்லூரி தன்னாட்சியா, இல்லையா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியலிலேயே தெரியும். தன்னாட்சி என்றால் கண்டொனேஷன் (வருகைக் குறைவை மன்னித்துத் தேர்வு எழுத விடுவது), தேர்வு அனுமதி போன்ற பல முடிவுகள் கல்லூரிக்குள்ளேயே முடியும். இல்லையென்றால் கோப்பு பல்கலைக்கழகத்துக்குப் போய் வர வேண்டும். அந்த நாட்களையும் கணக்கில் சேர்த்து முன்கூட்டியே நகர வேண்டும்.

முதல் மூன்று நாள்

ஆணையை எழுத்தில் கேளுங்கள். "நாளையிலிருந்து வராதே" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவது மிகச் சாதாரணம். காகிதம் இல்லாதபோது நீங்கள் வராத நாட்கள் வெறும் ஆப்சென்ட்டாகப் பதிவாகும். பிறகு யாரும் "நாங்கள் நிறுத்தவே இல்லையே, அவன்தான் வரவில்லை" என்று சொல்ல முடியும். ஆணை தர மறுத்தால் அன்றே ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: இந்தத் தேதியில், இன்ன பொறுப்பில் இருப்பவர், என்னை வகுப்புக்கு வர வேண்டாம் என்று வாய்மொழியாகத் தெரிவித்தார், எழுத்துப்பூர்வ ஆணையையும் அதற்கான காரணத்தையும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன், வகுப்புக்கு வர நான் தயாராக இருக்கிறேன். கடைசி வாக்கியம் முக்கியமானது. அதை விட்டுவிடாதீர்கள்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, அலுவலகத் தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். நேரே தபால் நிலையம் போய் முதல்வர் பெயருக்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்பி, ரசீதையும் பட்டுவாடா ஆன விவரத்தின் அச்சுப் பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியின் மின்னஞ்சலுக்கும் அதே கடிதத்தை அனுப்புங்கள். மூன்றில் ஒன்று நிச்சயம் பின்னால் கைகொடுக்கும்.

அடுத்தது, வருகைப் பதிவின் இன்றைய நிலை. கல்லூரி இணைய முகப்பில் தெரிந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டியூட்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி எப்போது என்பதையும் கேளுங்கள். நீக்கத்தில் இருக்கும்போது இந்தத் தேதி கண்ணில் படாமல் கடந்துபோய், மேல்முறையீட்டில் ஜெயித்தும் தேர்வு எழுத முடியாமல் போனவர்கள் உண்டு. கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். வாங்க மறுத்தால் "கட்ட வந்தேன், ஏற்கப்படவில்லை" என்று அன்றைய தேதியிட்டு எழுதிக் கொடுங்கள்.

விடுதியில் இருப்பவர்கள், குறிப்பாக அரசு நடத்தும் மாணவர் விடுதிகளில் தங்கியிருப்பவர்கள், வார்டனிடம் தாங்களே சென்று நிலைமையைச் சொல்வது நல்லது. கல்லூரி நீக்கமும் விடுதி நீக்கமும் வேறு வேறு. ஒன்று வந்ததால் மற்றது தானாக வந்துவிடாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முதல் இரண்டு இரவு பிள்ளையைத் தனியே விடாதீர்கள், திட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். வீட்டில் முதல் பட்டதாரியாக வரப்போகிறவன் என்ற பாரத்தோடு படிக்கிற பிள்ளைக்கு, ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம் நாம் நினைப்பதைவிடப் பெரியது. மனம் உடைந்து பேசினால் டெலிமானஸ் 14416, அல்லது 104 என்ற எண்களில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

நாட்களின் கணக்கு

ஒரு பருவத்துக்குச் சுமார் 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். தேர்வு எழுத வழக்கமாகக் கேட்கும் வருகை 75 சதவீதம் என்றால் 68 நாள் வந்திருக்க வேண்டும். அதாவது 22 நாள்வரை வராமல் இருக்கலாம். கண்டொனேஷனுக்கான 65 சதவீதம் என்றால் 59 நாள், 31 நாள்வரை விடுப்பு. இந்த 22, 31 என்ற இரண்டு எண்களை வைத்துத்தான் உங்கள் அவசரத்தை அளக்க வேண்டும்.

ஏற்கெனவே 12 நாள் விடுப்பு எடுத்த ஒரு மாணவி 15 வேலை நாள் நீக்கப்படுகிறாள். மொத்தம் 27. வந்தது 63 நாள், 70 சதவீதம். கண்டொனேஷன் வாங்கித் தேர்வு எழுதிவிடலாம். விசாரணை இழுத்து நீக்கம் இன்னும் 10 வேலை நாள் நீண்டால் 37 ஆகிவிடும். 53 நாள், 59 சதவீதத்துக்கும் கீழே. குற்றச்சாட்டு பொய் என்று பின்னால் தெரிந்தாலும் அந்தப் பருவத் தேர்வு போய்விட்டது. நீக்கத்தைவிட நீக்கத்தால் வரும் வருகைக் குறைவே பெரிய தண்டனையாக மாறுவது இப்படித்தான். அதனால் எந்த மனுவிலும் இந்தக் கோரிக்கை இருக்க வேண்டும்: நீக்கக் காலத்தை வருகைக் கணக்கில் எனக்கு எதிராக எடுத்துக்கொள்ளக் கூடாது, மேல்முறையீடு முடியும்வரை அகத்தேர்வுகளையும் பருவத் தேர்வையும் முடிவுக்குக் கட்டுப்பட்டு எழுத அனுமதிக்க வேண்டும்.

அகமதிப்பீட்டையும் மறக்காதீர்கள். கலைக் கல்லூரிகளில் வழக்கமாக 25 மதிப்பெண் அதில்தான் இருக்கிறது. தவறிய அகத்தேர்வுக்கு மறுதேர்வு வேண்டும் என்று தனியாகக் கேட்டால்தான் தருவார்கள்.

விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால்

முறையான நடவடிக்கை என்றால் முதலில் குற்றச்சாட்டு என்ன என்று எழுத்தில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல நியாயமான அவகாசம் தர வேண்டும். ஆதாரத்தைக் காட்ட வேண்டும். நேரில் கேட்க வேண்டும். குற்றம் சாட்டியவரே தீர்ப்புச் சொல்பவராக இருக்கக் கூடாது. காரணம் எழுதிய ஆணை தர வேண்டும். இயற்கை நீதி என்று நீதிமன்றங்கள் சொல்வது இதைத்தான். இதில் எது நடக்கவில்லை என்று தேதியோடு குறித்துவையுங்கள். மேல்முறையீட்டில் உங்கள் வலுவான வாதம் பெரும்பாலும் அந்தக் குறிப்பிலிருந்துதான் வரும்.

பதில் எழுதும்போது குற்றச்சாட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பத்தியில் பதில் சொல்லுங்கள். நடந்ததை நடந்தது என்றும், நடக்காததை மறுக்கிறேன் என்றும் எழுதுங்கள். "எனக்கு எதுவும் தெரியாது" என்று மொத்தமாக மறுப்பது, பிறகு ஒரு சிசிடிவி பதிவோ வாட்ஸ்அப் செய்தியோ வெளிவந்தால், உண்மையான மற்ற மறுப்புகளையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

மிகப் பெரிய பொறி மன்னிப்புக் கடிதம். "ஒரு அப்பாலஜி எழுதிக் கொடு, நாளைக்கே உள்ள வரலாம்" என்பார்கள். பல நேரம் அது உண்மையும்கூட. சின்ன விஷயம், தவறு உங்களுடையது, எதிரில் இருப்பவர் நம்பத் தகுந்தவர் என்றால் எழுதிக் கொடுத்து முடித்துக்கொள்வதே புத்திசாலித்தனம். குற்றச்சாட்டு பெரிதாக இருந்தால், குறிப்பாக ராகிங், அடிதடி, பாலியல் தொந்தரவு, பண விவகாரம் என்றால், அந்தக் கடிதம் பின்னால் ஒப்புதல் வாக்குமூலமாக வந்து நிற்கும். அங்கே எழுத வேண்டியது இவ்வளவுதான்: "அன்றைய சூழ்நிலை ஏற்பட்டதற்கு வருந்துகிறேன். என் மீது கூறப்பட்ட குற்றச்சாட்டுகளுக்கான விளக்கத்தைத் தனியாகச் சமர்ப்பித்துள்ளேன்." வெற்றுத்தாளில் கையெழுத்து எந்த நிலையிலும் கூடாது. மற்றவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுப்பதும் கூடாது. தேர்வு அறையில் பிடிபட்டு அங்கேயே எழுதி வாங்கும் வாக்குமூலத்துக்கும் இதே விதிதான். கையில் இருந்த தாளில் எழுதியிருந்தது அன்றைய பாடமா, அதைப் பார்த்து எழுதினீர்களா, செல்போன் அணைத்திருந்ததா என்ற விவரங்களைத் துல்லியமாக எழுதுங்கள். முறைகேட்டுக் குழு முதலில் பார்ப்பது அதைத்தான்.

மேல்முறையீட்டு மனு

இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். தமிழிலேயே எழுதலாம். நன்றாக வராத ஆங்கிலத்தில் எழுதுவதைவிடத் தெளிவான தமிழ் எவ்வளவோ மேல். வடிவம் இப்படி:

அனுப்புநர்: பெயர், வகுப்பு, பதிவு எண், வீட்டு முகவரி, கைப்பேசி எண்.
பெறுநர்: முதல்வர் அவர்கள், கல்லூரி, ஊர்.
மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,
பொருள்: நீக்க ஆணையை மறுபரிசீலனை செய்து வகுப்பில் மீண்டும் அனுமதிக்க வேண்டுதல் தொடர்பாக.
பார்வை: 1. தங்கள் ஆணை எண், நாள். 2. என் விளக்கக் கடிதம், நாள்.

முதல் பத்தியில் யார், என்ன ஆணை, எப்போது கைக்கு வந்தது. இரண்டாவதில் நடந்தது என்ன, தேதி வரிசையில், உணர்ச்சி இல்லாமல். மூன்றாவதில் ஆணையில் எது தவறு: நோட்டீஸ் தரவில்லை, சாட்சியைக் கேட்கவில்லை, என் ஆதாரத்தைப் பார்க்கவில்லை, அல்லது தவறு நடந்தது உண்மை, ஆனால் தண்டனை அதற்கு அதிகம். நான்காவது பத்தி பலர் எழுதாமல் விடுவது: இனி என்ன மாறும். டியூட்டரை வாரம் ஒருமுறை சந்தித்துக் கையெழுத்து வாங்குகிறேன், விடுதியை மாற்றிக்கொள்கிறேன், சிகிச்சை தொடர்கிறது, அதிகாலைப் பேருந்துக்கு வருகிறேன். "இனி ஒழுக்கமாக நடந்துகொள்வேன்" என்பது யாரும் எழுதுவது. மனுவை விசாரிக்கும் குழு நம்புவது சரிபார்க்க முடிகிற ஏற்பாட்டை. கடைசியாகக் கோரிக்கைகளை எண் போட்டு எழுதுங்கள்: ஆணையை ரத்து செய்ய, முடியாவிட்டால் தண்டனையைக் குறைக்க, நீக்க நாட்களை வருகையில் கழிக்காமல் இருக்க, தேர்வு எழுத அனுமதிக்க, நேரில் கேட்க. "முடியாவிட்டால்" என்று இரண்டாவது கோரிக்கை வைப்பது பலவீனம் அல்ல. குழுவுக்கு இறங்கி வர ஒரு படி அது.

இணைப்புகளுக்கு வரிசை எண் போட்டு, மனுவின் ஓரத்தில் "இணைப்பு 3 காண்க" என்று குறிப்பிடுங்கள். அசல் எதையும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும்.

எம்.எல்.ஏ. கடிதம், கட்சிக்காரர் போன், ஊர்ப் பெரியவர்களோடு நாலு வண்டியில் போவது இவை வேண்டாம். முதல்வர் அந்த நேரம் தலையாட்டுவார். ஆனால் கோப்பில் கையெழுத்துப் போட வேண்டிய குழு உறுப்பினர்கள் மனம் இறுகிவிடும். அதற்குப் பதில் உங்களைத் தெரிந்த ஒரு ஆசிரியரின் நாலு வரிச் சான்று, ஹெச்.ஓ.டி.யின் பரிந்துரை இரண்டும் எடை உள்ளவை.

குழுவின் முன்னால்

அப்பாவோ அம்மாவோ வருவது நல்லது. அவர்கள் பேசுவது நீங்கள் பேசி முடித்த பிறகு இருக்கட்டும். முதல் ஐந்து நிமிடத்தில் பெற்றோர் அழுதுவிட்டால் விசாரணை அறிவுரையாக மாறிவிடும். உங்கள் ஆதாரத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். மூன்று நிமிடத்தில் சொல்லி முடிக்கும்படி வீட்டில் பேசிப் பாருங்கள். கேள்விக்குத் தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்லுங்கள். மற்ற மாணவர் பெயரைச் சொல்லச் சொன்னால், நேரில் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். முடிந்ததும் அன்றே வீட்டில் உட்கார்ந்து, யார் இருந்தார்கள், என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன் என்று எழுதித் தேதியிட்டு வையுங்கள்.

திரும்பச் சேர்க்கும்போது உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். படிக்காமல் கையெழுத்து வேண்டாம். "இனி எந்தப் புகார் வந்தாலும் விசாரணையின்றி டி.சி. பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறேன்" போன்ற வரி இருந்தால், "விசாரணைக்குப் பின்" என்று மாற்றித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மாற்றுவார்கள்.

வருகைக் குறைவு: டெல்டாவின் சொந்தப் பிரச்சினை

இந்தப் பகுதி மாணவர்கள் ஒழுங்கு நடவடிக்கையைவிட ஷார்ட்டேஜில்தான் அதிகம் அடிபடுகிறார்கள். காரணம் சோம்பல் என்று சொல்லிவிடுவது சுலபம். பருவத்தின் நாட்காட்டியைப் பாருங்கள். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் கல்லூரி திறக்கிற நேரமும் குறுவை நடவும் ஒன்றாக வரும். சம்பா நடவு, பிறகு வடகிழக்குப் பருவமழை, அதே சமயம் பருவத் தேர்வு. அடுத்த பருவம் தொடங்கியதும் தை மாசி அறுவடை. வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைகள் வயலுக்குப் போகிறார்கள். கட்டணத்துக்காகக் கூலிக்கும் போகிறார்கள்.

விதி இதை எப்படிப் பார்க்கிறது? பல கலைக் கல்லூரிகளில் உள்ள அமைப்பு இது: 75-க்கு மேல் பிரச்சினை இல்லை, 65 முதல் 74 வரை கட்டணத்தோடு கண்டொனேஷன், 50 முதல் 64 வரை அந்தப் பருவத் தேர்வு எழுத முடியாது, ஆனால் படிப்பைத் தொடர்ந்து பிறகு எழுதலாம், 50-க்குக் கீழே அதே பருவத்தை மறுபடி படிக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழக இணைப்பில் உள்ள பொறியியல் கல்லூரிகளில் 65 முதல் 75 வரை மருத்துவக் காரணம், விளையாட்டு போன்றவற்றுக்குத் தளர்வு உண்டு. அதற்குக் கீழே போனால் பருவத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். உங்கள் கல்லூரி கையேட்டில் இருக்கும் எண்ணே இறுதி.

ஆகவே முதல் வேலை, உங்கள் சதவீதத்தை ஒரு படி மேலே தூக்க முடியுமா என்று பார்ப்பது. தவறாகப் போட்ட ஆப்சென்ட், பதிவாகாத ஓ.டி. (கல்லூரி வேலையாக வெளியே போன நாள்), என்.எஸ்.எஸ். முகாம், என்.சி.சி., விளையாட்டு, லேப் நேரம் இவற்றைப் பாடவாரியாகச் சரிபாருங்கள். 64-ஐ 65 ஆக்க ஓரிரு நாள் போதும்.

இன்னொன்று இங்கே அடிக்கடி நடப்பது. மழை விடுமுறையை ஆட்சியர் மாவட்டவாரியாக அறிவிக்கிறார். வேதாரண்யத்துப் பையன் மன்னார்குடியில் படிக்கிறான். நாகை மாவட்டத்துக்கு விடுமுறை, திருவாரூர் மாவட்டத்துக்கு இல்லை. குத்தாலத்துப் பெண் கும்பகோணத்தில் படிக்கிறாள். மயிலாடுதுறை மாவட்டத்தில் விடுமுறை, தஞ்சாவூர் மாவட்டத்தில் கல்லூரி நடக்கிறது. வீட்டைச் சுற்றித் தண்ணீர், பேருந்து இல்லை, பதிவேட்டில் ஆப்சென்ட். இதற்கு ஆட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்பின் நகலும், வீடு இருக்கும் ஊரைக் காட்டும் ஆதாரும், வி.ஏ.ஓ.விடம் தண்ணீர் சூழ்ந்திருந்தது பற்றிய சான்றும் சேர்த்துக் கொடுங்கள். பஸ் பாஸ் நகல் வழித்தடத்தைக் காட்டும். 2018 நவம்பர் 16-ல் கஜா வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது எல்லோருக்கும் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. சாதாரண மழை வருடத்தில் நீங்கள்தான் காட்ட வேண்டும்.

மருத்துவக் காரணம் என்றால் வெறும் சான்றிதழ் எடை குறைவு. ஓ.பி. சீட்டு, மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு, உள்நோயாளியாக இருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, இவற்றின் தேதிகள் விடுப்புத் தேதிகளோடு பொருந்த வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ ராசா மிராசுதார் மருத்துவமனையோ, பழைய சீட்டைத் தொலைத்திருந்தால் பதிவு எண்ணையும் தேதியையும் சொல்லி நகல் கேட்டுப் பாருங்கள். காசு கொடுத்துப் பின்தேதியிட்ட சான்றிதழ் வாங்காதீர்கள். பத்து மாணவர்கள் ஒரே கிளினிக்கில் ஒரே கையெழுத்தில் வாங்கிவந்து மாட்டுவது நடக்கிறது. வருகைக் குறைவு போய்ப் போலி ஆவணக் குற்றச்சாட்டு வந்துவிடும்.

வீட்டில் சாவு நிகழ்ந்து பதினாறாம் நாள் காரியம்வரை இருந்திருந்தால் இறப்புச் சான்றோடு உறவைக் காட்டும் குடும்ப அட்டை நகலும் வையுங்கள். வயல் வேலைக்குப் போனேன் என்பது கண்டொனேஷனுக்கு விதி ஏற்கும் காரணம் அல்ல. ஆனாலும் மறைக்காதீர்கள். மறுசேர்க்கை மனுவிலும் கட்டணத் தவணை மனுவிலும் அதுதான் உண்மையான காரணம். அடுத்த பருவத்தில் வீட்டில் என்ன ஏற்பாடு என்று சேர்த்து எழுதினால் மதிப்பார்கள்.

கல்லூரி மறுத்தால்

அடுத்த படி மாணவர் குறைதீர்ப்புக் குழு. யு.ஜி.சி. 2023-ல் கொண்டுவந்த மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள்படி ஒவ்வொரு கல்லூரியிலும் இது இருக்க வேண்டும். பேராசிரியர் தலைமையில், மாணவர் பிரதிநிதி ஒருவரையும் சிறப்பு அழைப்பாளராகக் கொண்டது. புகார் வந்து 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர முயல வேண்டும். நேரிலோ உங்கள் சார்பில் ஒருவரை வைத்தோ பேசலாம். ஒழுங்கு நடவடிக்கை என்ற சொல் அந்த விதிமுறையின் குறைகள் பட்டியலில் நேரடியாக இல்லை என்பதால், மனுவைப் பாரபட்சம், துன்புறுத்தல், சான்றிதழைத் தராமல் வைத்திருத்தல், மதிப்பீட்டில் முறைகேடு என்று உங்கள் விஷயத்தில் உண்மையாகப் பொருந்துவதை வைத்து எழுதுங்கள். பொருந்தாததைப் பொருத்தாதீர்கள்.

குழுவின் முடிவு கைக்கு வந்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் ஆம்புட்ஸ்பர்சனிடம் (மாணவர் குறைகளைக் கேட்கும் மேல்முறையீட்டு அலுவலர்) முறையிடலாம். இணைப்புக் கல்லூரி மாணவர்களுக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆம்புட்ஸ்பர்சன்தான். ஓய்வுபெற்ற துணைவேந்தர், பேராசிரியர் அல்லது மாவட்ட நீதிபதி அந்தப் பொறுப்பில் இருப்பார். 15 நாள் என்பது ஓடிவிடும். முடிவு வந்த உறையின் மேல் தேதி எழுதி வையுங்கள்.

ராகிங் வழக்குக்குத் தனிப் பாதை. 2009 யு.ஜி.சி. விதிமுறைப்படி ராகிங் தடுப்புக் குழுவின் தண்டனையை எதிர்த்து, இணைப்புக் கல்லூரியானால் துணைவேந்தரிடம் மேல்முறையீடு. தமிழ்நாட்டில் 1997-ம் ஆண்டின் ராகிங் தடைச் சட்டமும் இருக்கிறது. புகாரில் முகாந்திரம் தெரிந்தால் மாணவரை நிறுத்திவைத்துக் காவல் துறைக்குத் தகவல் அனுப்பும் கடமை நிறுவனத் தலைவருக்கு உண்டு. எனவே இங்கே கல்லூரிக்குக் கடிதம் எழுதும் முன் வக்கீலைப் பாருங்கள். பாலியல் தொந்தரவுப் புகாரில் உள்ளகக் குழுவின் பரிந்துரையை எதிர்த்து இரு தரப்பும் 30 நாளுக்குள் நிறுவனத்தின் நிர்வாக அமைப்பிடம் முறையிடலாம். புகார் கொடுத்தவரிடம் நேரிலோ நண்பர் மூலமோ சமாதானம் பேசப் போகாதீர்கள். அது புதிய குற்றச்சாட்டாகும்.

அரசுக் கல்லூரி, உதவி பெறும் கல்லூரி என்றால் கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநருக்கும் மனு அனுப்பலாம். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் அலுவலகம் உண்டு. அரசுக் கல்லூரியில் விசாரணை அறிக்கையின் நகலைத் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ஆட்சியரின் திங்கட்கிழமை மனு, 1100 என்ற எண்ணில் முதலமைச்சரின் புகார் சேவையான 'முதல்வரின் முகவரி' இவை இரண்டும் கடைசியில் அதே கல்லூரிக்கே அறிக்கை கேட்டு வரும். கல்லூரி பதிலே சொல்லாமல் இருக்கும்போது மட்டும் பயன்படும்.

நீதிமன்றம் என்றால் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு. டெல்டாக்காரர்கள் இங்கே குழம்புகிறார்கள். தஞ்சாவூர், திருச்சி மாவட்டம் என்றால் மதுரைக் கிளை. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்றால் சென்னை. நீதிமன்றம் பொதுவாக யார் சரி என்று மறுவிசாரணை செய்வதில்லை. முறை பின்பற்றப்பட்டதா, தண்டனை அளவுக்கு மீறியதா என்று பார்க்கும். தேர்வு நெருங்கினால் இடைக்கால அனுமதி கேட்கலாம். அதற்கு நீங்கள் தாமதமின்றி முறையிட்டதைக் காட்டும் அந்த முத்திரை போட்ட பிரதிகள் வேண்டும். பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் வருமானம் பார்க்காமலே உரிமை உண்டு. எண் 15100.

ஒரு பருவம் போய்விட்டால், மறுசேர்க்கை

எல்லா வழியிலும் முயன்று பருவம் கையை விட்டுப் போனால், அதை முறையாகப் பிரேக் ஆஃப் ஸ்டடி (படிப்பில் இடைவெளி) என்று பதிவு செய்யுங்கள். வெறுமனே வராமல் இருந்தால் பெயர் அடிபடும். மறுசேர்க்கைப் படிவத்தை அந்தப் பருவம் தொடங்கும் முன்பே கொடுக்க வேண்டும். எந்தப் பருவத்தில் நிறுத்தினீர்களோ அதே பருவம் அடுத்த ஆண்டுதான் நடக்கும், ஒற்றைப் பருவம் இரட்டையில் நடக்காது. பாடத்திட்டம் மாறியிருந்தால் எந்தத் தாளுக்கு எது சமம் என்று தேர்வுப் பிரிவில் எழுத்தில் வாங்குங்கள். வாய்வழியாகச் சொன்னதை நம்பி மூன்றாம் ஆண்டு முடிவில் ஒரு தாள் குறைகிறது என்று தெரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். பட்டத்துக்கு உச்சகால வரம்பும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் பி.இ.க்கு முதலாம் ஆண்டிலேயே சேர்ந்தவரானால் 14 பருவம்.

உதவித்தொகை அலுவலரையும் பாருங்கள். போஸ்ட் மெட்ரிக், முதல் பட்டதாரிச் சலுகை, புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் ஆகியவற்றில் உங்கள் பெயர் நிறுத்தப்பட்டிருக்கலாம். மறுசேர்க்கை ஆணை நகலைக் கொடுத்துத் திரும்பத் தொடரச் செய்ய வேண்டும், தானாக நடக்காது.

உள்ளே போன முதல் வாரத்தில் மூன்றைச் சரிபாருங்கள்: வருகைப் பட்டியலில் உங்கள் பெயர் எல்லாப் பாடத்திலும் திரும்ப வந்திருக்கிறதா, நீக்க நாட்கள் ஆணையில் சொன்னபடி பதிவாகியிருக்கின்றனவா, நடத்தைச் சான்றில் பின்னால் எதுவும் எழுதப்படாது என்று ஆணையில் இருக்கிறதா. மூன்றாவது இல்லையென்றால் இப்போதே கேட்டு ஒரு வரி எழுதி வாங்குங்கள். படிப்பு முடிந்து வேலைக்குப் போகும்போது கேட்டால், ஆணையில் கையெழுத்துப் போட்டவர் மாறுதலாகிப் போயிருப்பார்.